அலமாரி அக்காவின் அழுக்குக் கணக்கு

அக்காவின் கையில் துணி இருக்கிறது, ஆனால் துடைக்கவில்லை. களிமண் பிரமிடு ஒன்றைச் சன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கி அதன் மூலைகளைப் பார்க்கிறார். ஒரு பக்கம் முழுக்க விரல் பட்டுப் பட்டு மழுங்கி, எண்ணெய் தடவியதுபோல மினுங்குகிறது. உச்சியில் நீல மசி. அடியில் யாரோ நகத்தால் கீறிப் பார்த்த தடம்.

"இது இருக்கட்டும். நல்லா அழுக்காயிருக்கு" என்று சொல்லி, இருந்த இடத்திலேயே வைக்கிறார்.

பள்ளிக்கூடத்தில் அவரை எல்லோரும் அலமாரி அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். பெருக்குவது, துடைப்பது, மணி அடிப்பது, பூட்டுவது என்று வேலை நிறைய. ஆனாலும் பெயர் சரித்திர அறையின் அலமாரியால் வந்தது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் வருடக் கடைசியில் உலக சரித்திரத்திலிருந்து ஒரு விஷயத்தை எடுத்து, அடுத்து வருகிற வகுப்பு கற்றுக்கொள்வதற்காக ஒன்றைச் செய்து வைத்துவிட்டுப் போக வேண்டும். அலமாரியில் ஆறு தட்டுகள். ஏழாவது கிடையாது. ஆகவே ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே போக வேண்டும். எது போகும் என்பதை இருபத்திரண்டு வருடமாக அக்காதான் சொல்கிறார்.

அவருடைய கணக்கு ரொம்ப எளியது. "பசங்க கை பட்டா அழுக்காகும். அழுக்காகலன்னா யாரும் தொடல. தொடாத சாமான் எதுக்கு?" அதனால் அந்த அறையில் தரையைத் துடைப்பார், மேசையைத் துடைப்பார், அலமாரிச் சாமான் மீது வருடம் முழுக்கத் துணி படாது. புதிதாக வரும் தலைமையாசிரியர்கள் தூசியைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். "தூசு வேற, அழுக்கு வேற சார்" என்பார். ஊதிக் காட்டுவார். தூசு பறந்துவிடும், விரல்தடம் அப்படியே இருக்கும்.

வெளியே போகிற சாமானை அவர் குப்பையில் போடுவதில்லை. ஆணி, கம்பி, பல்பு, அட்டை எல்லாவற்றையும் பிரித்து உதிரிப் பெட்டியில் போடுவார். அடுத்த வகுப்பு அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். ரோமாபுரித் தூண் ஒன்று மூன்று வருடம் கழித்து நீராவி எஞ்சினின் புகைபோக்கி ஆனது. பட்டு வணிகப் பாதைக்காகச் செய்த தாய விளையாட்டில் ஒட்டகம் ஒன்று தொலைந்தபோது, தன் மேலங்கிப் பையின் பொத்தானைப் பிய்த்து வைத்தார். இப்போது அந்தப் பொத்தானுக்குத்தான் அடிதடி. "எனக்குப் பொத்தான் ஒட்டகம்!" என்று நாலு பேர் கத்துவார்கள். மேலங்கியில் அந்த இடம் இன்னும் ஊக்கில்தான் நிற்கிறது.

அவர் படித்தது எட்டாவது. ஆனால் கதவோரம் துடைப்பத்தோடு நின்றபடி இருபத்திரண்டு முறை உலகப் போர்களைக் கேட்டு முடித்தவர். பரீட்சை நேரத்தில் பிள்ளைகள் ஓடிவந்து, "அக்கா, கொள்ளைநோய் எந்தப் பக்கத்துல இருந்து வந்துச்சு?" என்று கேட்டால், கையிலிருக்கும் துடைப்பத்தாலேயே தரையில் கோடு இழுத்து, "கப்பல்ல வந்துச்சு. எலியோட. எழுதிட்டு வா போ" என்பார்.

இத்தனை நேர்மையான கணக்கில் ஓர் ஓட்டை இருந்தது. மேல்தட்டில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கப்பல். மூன்று பாய்மரம், தேநீரில் தோய்த்து நிறமேற்றிய துணிப்பாய், நூலேணி. பதினான்கு வருடத்துக்கு முன் மாவட்டப் போட்டியில் முதல் பரிசு வாங்கியது. பரிசு கொடுத்தவர்களே கண்ணாடிப் பெட்டியும் செய்து, நாலு மூலையிலும் திருகாணி போட்டு அனுப்பியிருந்தார்கள். அதைச் செய்தவள் அக்காவின் மகள். இன்று தூரத்து நகரம் ஒன்றில் நர்ஸ். கப்பல் யாருடையது என்று அக்கா யாரிடமும் சொன்னதில்லை. வருடா வருடம் சாமான்களைப் பார்க்கும்போது மேல்தட்டுக்கு வந்தால் மட்டும், "இது கண்ணாடிக்குள்ள இருக்கு, கணக்குல வராது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தாண்டிவிடுவார்.

இந்த வருடப் பிள்ளைகள் பெரிய பெட்டியாகச் செய்துவிட்டார்கள். கைப்பிடியைச் சுற்றினால் வரைபடத்தில் கொள்ளைநோய் பரவுகிற வழியில் ஊர் ஊராக விளக்கு அணையும். முடிப்பதற்குள்ளேயே கைப்பிடி கறுத்துவிட்டது. மேல்தட்டைத் தவிர வேறு எங்கும் அது நிற்காது.

சரித்திர டீச்சர் வந்து மூன்று வருடம்தான் ஆகிறது. அக்காவிடம் கற்ற பாடத்தை அக்காவிடமே ஒப்பித்தார்.

"அக்கா, உங்க கணக்குப்படி பாத்தா இந்தக் கப்பல்தானே முதல்ல போகணும்? ஒரு விரல்தடம் கூட இல்லையே."

"பரிசு வாங்குனது டீச்சர்."

"பிரமிடு கூடத்தான் வாங்குச்சு. அதுல மசி கொட்டினப்ப நீங்க கைதட்டல?"

அக்கா கப்பலை அண்ணாந்து பார்த்தார். "ஒருநாள் டைம் குடுங்க. பிரிக்கறதுன்னா நாந்தான் பிரிப்பேன்" என்றார்.

மறுநாள் காலை பிள்ளைகள் வருமுன் கப்பலை மேசையில் வைத்துக்கொண்டு திருப்புளியோடு உட்கார்ந்தார். பதினான்கு வருடத் திருகாணி. ஒவ்வொன்றும் முனகிக்கொண்டுதான் வந்தது. கண்ணாடியைத் தூக்கியதும் தேநீர் வாசனை இன்னும் இருப்பதுபோல ஒரு பிரமை.

கப்பலின் மேல்தளத்தில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு நூல் வளையம். அதைப் பிடித்துத் தூக்கினால் தளம் மூடிபோல வந்துவிடும். அடியில் இருப்பதுதான் மகள் செய்ய நினைத்த பாடம். பாய்மரமெல்லாம் அதற்கு மேலே போட்ட போர்வை. அவரைக்கொட்டை அளவில் களிமண் மனிதர்கள், ஒருவர்மேல் ஒருவர் உரச, சங்கிலியோடு வரிசையாகப் படுத்திருப்பார்கள். பிடிபட்டு, அடிமைகளாக விற்கப்பட்டுக் கடல் தாண்டிப் போனவர்கள். அப்போது வீட்டில் இரண்டு மாதம் சாப்பாட்டு மேசை முழுக்க அவர்கள்தான். "தட்டு வைக்க இடமில்லாம ஆளுங்கள அடுக்கியிருக்கீங்களே, நான் மடியில வச்சா சாப்பிடறது?" என்று வீட்டுக்காரர் முணுமுணுத்துக்கொண்டே மடியில் வைத்துத்தான் சாப்பிட்டார்.

பரிசு வாங்கிய அன்று மகள் வீட்டுக்கு வந்து அழுதாள். "எல்லாரும் பாய் அழகு, பாய் அழகுன்றாங்கம்மா. யாருமே தொறக்கல. இப்ப பூட்டு வேற போட்டுட்டாங்க." அக்காவுக்கு அன்று கோபம்தான் வந்தது. "பரிசு வாங்கிட்டு அழறவள இப்பத்தான்டி பாக்கறேன்." முதல் இரண்டு மூன்று வருடம் மகள், "யாராச்சும் தொறந்து பாத்தாங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். "பத்திரமா இருக்கு கண்ணு" என்பார் அக்கா. பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள்.

திருப்புளியைக் கீழே வைத்தார் அக்கா. கப்பலைப் பிரிக்கவில்லை. கண்ணாடிப் பெட்டியைத்தான் பிரித்து உதிரிப் பெட்டியில் சொருகினார். கப்பலைத் தூக்கிக்கொண்டு போய் முன்வரிசைப் பெஞ்சில், பிள்ளைகள் முழங்கை படுகிற இடத்தில் வைத்தார்.

"ஒரு பீரியட் இருக்கட்டும் டீச்சர். யாரும் தொடலன்னா சாயங்காலம் பிரிச்சுடறேன். தொட்டா, கீழ்த்தட்டுல வேற ஒண்ணப் பிரிச்சு இதுக்கு எடம் பண்றேன்."

வகுப்பு தொடங்கியது. அக்கா பின்னால் நின்று, ஏற்கெனவே பெருக்கிய மூலையையே பெருக்கினார். பிள்ளைகள் பாயைத் தடவினார்கள். ஒருத்தி நூலேணியை இழுத்து அறுத்தாள். பின்பக்கத்துப் பாய்மரம் சாய்ந்தது. "சூப்பரா இருக்குல்ல பாய்!" என்றது ஒரு குரல். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் அக்காவின் துடைப்பம் நின்றது. தூக்கிப் பாருங்கடா என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டார். சொல்லிக் கொடுத்துத் தொட்டால் அது கணக்கில் சேராது.

மணியடிக்கப் பத்து நிமிடம் இருக்கையில், சாய்ந்த பாய்மரத்தை நிமிர்த்தப் போன ஒரு பெண்ணின் விரலில் நூல் வளையம் மாட்டியது.

"டீச்சர், இது தொறக்குது!"

தலைகள் குவிந்தன.

"தூங்கறாங்களா எல்லாரும்?"

"தூங்கறவங்களுக்கு எதுக்குடா சங்கிலி? நல்லா பாரு."

"இவ்ளோ பேரு எப்படிடி மூச்சு விடுவாங்க?"

டீச்சர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வருடமாக அந்தப் பாயை மட்டுமே பார்த்தவர் அவரும்தான். யாரோ எண்ணத் தொடங்கினார்கள். ஒவ்வொருவர் முதுகிலும் ஒரு விரல் தொட்டுத் தொட்டு நகர்ந்தது. தப்பு வந்தது, வேறொரு விரல் முதலிலிருந்து தொடங்கியது. மணி அடிக்க வேண்டியவர் மணியை மறந்து நின்றார்.

"இருநூத்திப் பதினொண்ணு!"

"இன்னொருத்தர் இருக்காங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் திரும்பினார்கள். "ஏணிப்படிக்குப் பின்னாடி. கைக்குழந்தை."

பிசைந்ததில் மிச்சமான மண்ணில் அக்கா உருட்டியது அது ஒன்றுதான். தேடிய விரல்கள் படிக்கட்டுக்குப் பின்னால் போய் நின்றன. டீச்சர் அக்காவைப் பார்த்தார். கப்பலின் அடியில் செய்தவள் பெயரும் வருடமும் எழுதி ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தார். மறுபடி அக்காவைப் பார்த்தார். அக்கா போய் மணியடித்தார்.

அறை காலியானதும் அவர் திரும்பி வந்தபோது தளம் மூடாமலே கிடந்தது. சின்னச் சின்ன முதுகுகளில் மசி, வியர்வை, பென்சில் கரி. குழந்தையின் தலையில் யாரோ ஒருவரின் முழுக் கட்டைவிரல் ரேகை.

பழக்கத்தில் கை மேலங்கிப் பைக்குப் போய்த் துணியை எடுத்தது. பாதி தூரம் வந்த துணியை அக்கா நாலாக மடித்தார். மறுபடி பைக்குள் வைத்து, மேலே ஊக்கைப் போட்டுக்கொண்டார்.