சேர்க்காதேடி கோமதி

கோமதி போயிட்டா.

ஃபோன் வந்தப்போ ஆத்துல இருந்தது நான், எங்காத்துக்காரர், மாட்டுப்பொண், பால் கொண்டு வந்த சேட்டன்... நாலு பேர். ஃபோனை எடுத்தது எங்காத்துக்காரர்.

"கலூர்ல நம்ம கோமதி... விடியக்காலம்"னார். எத்தனை மணிக்கு எடுக்கறான்னு கேட்டேளான்னா, "கேக்கலையே"ங்கறார். இவரை என்ன பண்றது.

கடைசியா ஒரு தடவை மூஞ்சியைப் பாக்கணும். அவ பொண்ணு லதா ஃபோனை எடுக்கவே மாட்டேங்கறா.

எழுபதுகளோட கடைசியில கொச்சி மட்டாஞ்சேரியில எங்க ரெண்டு ஆத்துக்கும் நடுவுல ஒரே சுவர். குழந்தைகளெல்லாம் ஸ்கூலுக்குப் போக ஆரம்பிச்சப்பறம் ரெண்டு பேரும் பிரைவேட்டா ப்ரீ டிகிரி, அதான் இப்போத்தி ப்ளஸ் டூ, எழுதினோம்.

நான் தம்பியோட பழைய புஸ்தகத்தைப் பாத்து நானே கணக்கு கத்துண்டேன். சமையல் முடிஞ்சதும் கோமதி நோட்டைத் தூக்கிண்டு வந்துடுவா.

எல்லாம் போடுவா. பீஸ்வைஸ் ஃபங்ஷனுக்கு, அதான் துண்டு துண்டா வரதுக்கு, கிராஃப் போடச் சொன்னா மட்டும் என் பிராணனை வாங்கிடுவா.

கணக்கு இவ்வளவுதான். x ரெண்டுக்குக் கீழ இருந்தா y = x + 1. x ரெண்டோ அதுக்கு மேலயோன்னா y = 5.

முதல் கோடு ஏறிண்டே வந்து (2, 3)-ல நிக்கும். அங்க ஒரு காலி வட்டம்... அந்தப் புள்ளி சேர்த்தி இல்லேன்னு அர்த்தம். ரெண்டாவது துண்டு (2, 5)-ல நிறைச்ச புள்ளியா ஆரம்பிச்சு வலது பக்கம் நேரா போகும். நடுவுல இடைவெளி. அதை அப்படியே விடணும்.

விட மாட்டா. கீழேர்ந்து மேல ஒரு கோடு இழுத்து ரெண்டையும் சேர்த்துடுவா.

"ஏண்டி சேர்த்தே?"

"கோலத்துல இழையை அறுத்து விடுவாளா யாராவது? ஆத்துக்கு ஆகாதுடி."

"இது கோலம் இல்லடி. x ரெண்டுன்னா y ஒண்ணே ஒண்ணுதான். நீ கோடு இழுத்தா மூணும் வரது, நாலும் வரது, அஞ்சும் வரது. அப்பறம் அது ஃபங்ஷனே இல்ல."

"நீ மிண்டாம இரு, வாயைத் திறக்காதே டீச்சரம்மா."

கடைசியில ஒரு போஸ்ட் கார்டை எடுத்து x = 2 மேல நிமிர்த்தி வச்சு வலது பாதியை மறைச்சேன். இடது துண்டைப் போடச் சொன்னேன். அப்பறம் கார்டைத் தள்ளி இடது பாதியை மறைச்சு மத்த துண்டு. அழகா வந்துது. கார்டை எடுத்தேன்... எடுத்த கை கீழ வரதுக்குள்ள சேர்த்துட்டா.

முதல் தடவை கணக்குல மூணு மார்க்குல போச்சு. அந்த கிராஃப் அஞ்சு மார்க்.

அவ மாமனார் சொல்லிட்டார், "இன்னும் ஒரு தடவை. அதுலயும் போச்சுன்னா புஸ்தகத்தை மூடி வச்சுட்டு அடுக்களையைப் பாரு." அவளுக்கோ டெலிஃபோன் எக்ஸ்சேஞ்ச்ல வேலைக்குப் போகணும்னு ஆசை.

அந்தத் தடவை நான் பகவதி கோவில்ல விளக்கு ஏத்திட்டுத்தான் பரீட்சைக்குப் போக அவளோட போட் ஏறினேன். எனக்காக இல்ல. இவ கையைக் கொஞ்சம் பிடிச்சுக்கோம்மான்னு.

அதே மாதிரி கேள்விதான் வந்துது. எர்ணாகுளம் ஜெட்டியில கேட்டேன், "சேர்த்தியா, விட்டியா?"

"முதல்ல ஒரு சாயா வாங்கிக் குடு."

குடிச்சா. சொல்லல.

பாஸ் பண்ணினா. வேலையும் கிடைச்சுது, கலூருக்குக் குடி போனா. போன ஓணத்துக்குப் பாக்கப் போனப்போகூட கேட்டேன். "பாஸாயில்லே, பின்னெந்தா... பாஸாயிட்டேனோல்லியோ, அப்பறம் என்ன"ன்னு சிரிக்கறா. நாப்பது வருஷத்துக்கு மேல இதே பதில்.

நல்லபடியா போடி கோமதி. பகவதி பாத்துப்பா.

லதா, நாலு தடவை கூப்பிட்டாச்சு. எத்தனை மணிக்கு எடுக்கறேள்? இந்த மெசேஜைப் பாத்த உடனே சொல்லு. புடவை மாத்திண்டு வாசல்ல நிக்கறேன்.