ஒன்பது பீர்க்கன் விதை

எனக்கு மூக்குக்கு மேல கோவம் வரும். அதை முன்னாடியே சொல்லிடறேன், ஏன்னா அன்னைக்கு நடந்த கூத்துக்குப் பாதிக் காரணம் அதுதான்.

தங்கச்சி ரெண்டாவது பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில சேர்ந்தப்ப, அவ மூத்த பொண்ணை வேப்பூர்லேர்ந்து கொண்டாந்து என்கிட்ட விட்டாங்க. நாலு வயசு. எனக்குப் புள்ளைங்க கிடையாது. பீங்கான் யூனிட்டுல வேலை, தனி வூடு, யாரு தொந்தரவும் இல்லாம இருந்து பழகிட்டவ. மொத நாளு பக்கத்துல படுக்க வச்சேன், விடிய விடிய வயித்துலயே எட்டி உதைச்சா. மறுநாளே அவ பாயை ஹால்ல தனியா போட்டுட்டு நான் உள் ரூமுல படுத்துக்கிட்டேன். அவ அழல. பரவால்லியே, சமத்துன்னு நினைச்சுக்கிட்டேன்.

ஞாயித்துக்கிழமை காலையில ரெண்டு பேரும் பீர்க்கன் விதை போட உக்காந்தோம். சூளையில கீறல் விட்டுக் கழிச்சுப் போட்ட ஊறுகாய் ஜாடி மூணு, நல்லா வாய் அகலமானது, மண்ணு ரொப்பி வாசல்ல வச்சிருந்தேன். கடையில வாங்குன விதை. மருந்து தடவி ரோஸ் கலர்ல இருந்துச்சு. ஒன்பது விதையை எண்ணி அவ உள்ளங்கையில வச்சு, "ஜாடிக்கு மூணு. விரலால குழி பண்ணிப் போட்டு மூடணும். வாயில வைக்கக் கூடாது, விஷம்"னு சொன்னேன். பெரிய மனுஷியாட்டம் தலையாட்டுனா. உள்ள போன் அடிச்சுது, எடுக்கப் போயிட்டேன். மருந்து விதையைப் பச்சப் புள்ள கையில குடுத்துட்டு எந்த மடச்சியாவது எந்திரிச்சுப் போவாளா? நான் போனேன்.

திரும்பி வந்தா அவ கை காலி. உதட்டைச் சுத்தி ரோஸ் கலரு.

"தின்னியாடி? வாயைத் தொறடி!"

நான் கத்தக் கத்த அவ உதட்டை இறுக்கி மூடிக்கிட்டா. மொத ஜாடியைக் கிளறினேன், ஒண்ணும் இல்ல. ரெண்டாவதுலயும் இல்ல. மூணாவதைப் பார்க்கணும்னு புத்திக்கு எட்டல. புள்ளையைத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு, செருப்புகூடப் போடாம தெருமுனைக்கு ஓடி ஆட்டோ புடிச்சேன். அங்க ஒருத்தி வலியில கெடக்கா, இங்க அவ புள்ளைய நான் இப்படிப் பண்ணிட்டேனே, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவ முன்னாடி நிப்பேன்னு வழியெல்லாம் அழுதேன்.

கிளினிக்குல நான் சொன்னதைக் கேட்டுட்டு, டாக்டரம்மா புள்ள பக்கமா குனிஞ்சாங்க. "விதையெல்லாம் எங்க கண்ணு?"

"ஜாடியில."

"வாயில வச்சியா?"

"இல்ல. மூக்கு ஒழுகுச்சு, தொடச்சேன்."

"இதை ஏன்டி என்கிட்ட சொல்லல?"ன்னு நான் பாய்ஞ்சேன்.

"நீ கத்துன."

டாக்டரம்மா வந்த சிரிப்பை அடக்கிக்கிட்டு அவ நாக்கு, தொண்டையெல்லாம் பார்த்தாங்க. கையையும் மூஞ்சியையும் சோப்பு போட்டுக் கழுவச் சொன்னாங்க. "வாய்க்குள்ள சாயம் இல்லம்மா. இருந்தாலும் வூட்டுக்குப் போய் விதையை எண்ணிப் பாருங்க. ஒண்ணு குறைஞ்சாலும் உடனே தூக்கிட்டு வந்துடுங்க."

வந்ததும் வராததுமா மூணாவது ஜாடியை வாசல்லயே கவுத்தேன். நான் பொறுக்கப் பொறுக்க அவ எண்ணுனா. ஏழு, எட்டு. அதோட நின்னுபோச்சு. மண்ணாங்கட்டியை ஒவ்வொண்ணா நசுக்கிப் பார்த்தேன். கடைசிக் கட்டிக்குள்ள ஒட்டிக்கிட்டு இருந்துச்சு அந்தப் பாவி விதை.

"ஒம்பது!"ன்னு அவ குதிச்சா.

அப்பாடா! போன உசுரு திரும்பி வந்துச்சு. மண்ணுலயே காலை நீட்டி உக்காந்து, பைத்தியக்காரி மாதிரி சிரிச்சேன், அழுதேன். அவளை இழுத்து மடியில போட்டுக்கிட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் கேட்கத் தோணுச்சு.

"ஜாடிக்கு மூணுன்னுதானே சொன்னேன்? ஏன் எல்லாத்தையும் ஒண்ணுலயே போட்டே?" இந்தத் தடவை கத்தல.

"உள்ள இருட்டா இருக்கும்ல, பெரியம்மா. பிரிச்சுப் போட்டா பயப்படும்."

ஒன்பதையும் அதே ஜாடியில போட்டேன், அவ தண்ணி ஊத்துனா. அப்புறம் உள்ள போயி, ஹால்ல சுருட்டி வச்சிருந்த அவ பாயை எடுத்து என் பாயோட சேர்த்து வச்சேன். அவ ஊருக்குப் போற வரைக்கும் தினம் உதை வாங்கிக்கிட்டுத்தான் தூங்குனேன்.