பச்சை வானம்

பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டு, அதில் விண்டோஸுக்கென்றே செய்த ஒரு கார் பந்தய விளையாட்டை மகள் ஓடவைத்தாள். சூடேறிய தூசி வாசனை வந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில், லூபோக் சீனா என்ற ஊரில் இருந்த எங்கள் வீட்டிலும் இதே வாசனை, இதே விளையாட்டு. வேலை செய்த பேக்டரியில் கழித்துப்போட்ட கணினியைக் கொண்டுவந்து அண்ணன் இதையேதான் செய்தார். கார் நின்று நின்று நகரும். வானம் பச்சையாக இருக்கும்.

“என்னடா, வானம் பச்சையா இருக்கு?” என்றார் அப்பா, மேசைக் காத்தாடியைக் கணினிப் பக்கம் திருப்பிக்கொண்டே.

“அந்த ஊருல அப்படித்தான்லா, ப்பா,” என்றார் அண்ணன்.

நாங்கள் நம்பினோம்.

மகளின் திரையில் வானம் நீலம். எது சரி என்று குழம்பி, அண்ணனுக்குப் போன் செய்தேன்.

“அந்தக் கார் விளையாட்ட மக லினக்ஸ்ல ஓட்டுறா, வானம் நீலமா இருக்குண்ணே.”

“நல்லா பாரும்மா,” என்றார். “அவ ஏதோ தப்பா போட்டிருப்பா.”