புஸ்பம் கொடுத்த கம்பளி

இல்லை, நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். ஊர்ப் பொடியன்களை வெளிநாட்டு ஏஜென்சிக்கு விற்றுத் தின்றான் என் தம்பி அழகரத்தினம் என்று வாழைச்சேனையில் யார் சொன்னாலும், என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். அந்தப் பிள்ளைகளிடம் ஒரு பிளேன்ரீகூட வாங்கிக் குடித்தவன் இல்லை அவன்.

சண்டைக்குப் பயந்து புறப்பட்டவர்கள், குவைத்தில் வேலைசெய்து வந்தவன் என்று அவனிடம் புத்தி கேட்பார்கள்.

"ஒரே பேக்தான் மனே. தூக்கிட்டு ஓடத் தோதா இருக்கணும். காசை ஒரு இடத்தில வைக்காத. அவல் கொண்டுபோ, கடைச்சோறு தேடாத" என்பான்.

கடைசியாகப் போனவன் பக்கத்து வீட்டுப் புஸ்பத்தின் மகன் தயானந்தன். ரஷ்யா வழியாக ஜெர்மனிக்குப் பயணம். தாய் ஒரு கம்பளியோடு வந்தாள்.

"பாரம் மச்சாள். உடுக்கிற சாரனால போத்தினாக் காணும்" என்றான் தம்பி.

"அங்க குளிருமாமே?"

"நான் பார்க்காத வெளிநாடா?"

அவன் பார்த்தது பாலைவன வெயில். கம்பளி எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. எல்லைக் காட்டுப் பனியில் தயானந்தன் விறைத்துச் செத்தான் என்று கூடப்போனவன் சொல்லியனுப்பினான்.

அதன்பிறகு பங்குனி வெயிலிலும் தம்பிக்கு நடுக்கம். "அக்கா, பொடியன் படலையில நிக்கான். போர்வை கேக்கான்" என்பான். போய்ப் பார்ப்பேன், படலையில் ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

ஒருநாள் மத்தியானம் கம்பளியை மடித்துத் தோளில் போட்டான்.

"எங்கடா?"

"குடுத்திட்டு வாறன் அக்கா."

வேறொன்றும் எடுக்கவில்லை. படலையைத் திறந்து, யாருக்கோ வழிவிடுவதுபோல ஒதுங்கி நின்றான். பிறகு நடந்தான்.