நூற்று இருபதுக்கு எண்பது

பெருமாயி எதையும் கேட்டுவிட்டுத்தான் நம்புவார். பஸ் கண்டக்டரிடம், அந்த டிக்கெட் மெஷினுக்குள் தாள் எவ்வளவு நீளம் இருக்கும் என்று கேட்பார். வாசலூர்பட்டி ஏரியில் படகேறப் போன ஒரு குடும்பத்திடம், கவிழ்ந்தால் நீந்தத் தெரியுமா என்று கேட்டு, அவர்களைக் கரையிலேயே நிற்க வைத்ததும் உண்டு. மலைமேல் பைல் நாட்டில் அவருக்கு ஒன்றரை ஏக்கர். மரவள்ளி, கொஞ்சம் சாமை, சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகுக்கொடி. கணவர் இறந்த பிறகு எல்லாம் தனியாள் பாடு. படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி, அந்த எழுத்தும் மறந்துபோயிருந்தது.

போன தை மாதம் அவரும் போய்விட்டார். அவரைத் தெரிந்தவர்கள் முதலில் எடுப்பது ஆய்வு நாள் கதையைத்தான். ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். நடந்தது இதுதான்.

மகள் பூங்குழலி மலைக்குக் கீழே ஒரு தனியார் கல்லூரியில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது வருடம் முடியும் தறுவாய். ஒருநாள் போனில் கூப்பிட்டாள். "அம்மா, புதன்கிழமை எங்க காலேஜ் வேன் மேல வருது. நம்மூர்ல அஞ்சு பேரக் கூட்டிக்கிட்டு வா. இலவச மருத்துவ முகாம். மத்தியானம் பிரியாணி."

"நோவு இல்லாதவங்க வரலாமா கண்ணு?"

"கேள்வி கேக்காம வாம்மா."

அது ஒன்றுதான் அவரால் முடியாத காரியம். ஆனால் மகள் படிக்கும் இடத்தை அவர் அதுவரை பார்த்ததில்லை. பக்கத்துக் காட்டுச் சின்னுசாமியையும் இன்னும் நான்கு பேரையும் சேர்த்துக்கொண்டு வேனில் ஏறினார்.

கல்லூரியை ஒட்டி, மருத்துவமனை என்று ஒரு கட்டடம். உள்ளே பெயின்ட் வாசனை. மெத்தைகளின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. மேனேஜர் பூபதி ஓடி ஓடி ஆட்களைக் கட்டில்களில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"படுத்துக்குங்கம்மா. ஆபீசர் கேட்டா, மூணு நாளா இங்க இருக்கறேன்னு சொல்லோணும்."

"எனக்கு என்ன நோவுங்க?"

"கால்மாட்டு அட்டையில எழுதியிருக்குது."

"படிச்சுச் சொல்லுங்க."

"மஞ்சக்காமாலை."

பெருமாயி தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கத்துக் கட்டிலில் சின்னுசாமி போர்வையை இழுத்து விட்டுக்கொண்டார். "உனக்காச்சும் காமாலை. எனக்குக் கர்ப்பப்பையில கட்டின்னு எழுதியிருந்தா நான் எங்க போறது? அதையும் படிச்சுப் பாக்கச் சொல்லு."

பூபதி எட்டிப் பார்த்தார். அந்த அட்டையைக் கழற்றிக்கொண்டு போனார்.

சிறிது நேரத்தில் வெள்ளைச் சீருடையில் பூங்குழலி வந்தாள். பெருமாயி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "என்ன சாமி இது கூத்து?"

அவள் குனிந்து கிசுகிசுத்தாள். கல்லூரிக்கு இன்னும் அங்கீகாரம் கிடைக்கவில்லை. சேரும்போது இருக்கிறது என்றுதான் சொன்னார்கள். நோயாளிகள் இருக்கும் ஆஸ்பத்திரி இருந்தால்தான் மாநில நர்சிங் கவுன்சில் அதைத் தரும். இன்று தந்துவிட்டால் அவள் படிப்பை முடித்து நர்ஸ் ஆகலாம். தராவிட்டால் படித்த இரண்டு வருடமும் எந்தக் கணக்கிலும் வராது. நர்ஸாகப் பதிவு செய்யவோ எந்த ஆஸ்பத்திரியிலும் வேலைக்குச் சேரவோ முடியாது.

"உன்னக் கும்பிட்டுக் கேக்கறேன். மூணு நாள்னு மட்டும் சொல்லும்மா."

"சொல்றேன் கண்ணு," என்றார். மனதாரத்தான் சொன்னார்.

பூங்குழலி ரத்த அழுத்தம் பார்க்க அம்மாவின் கையில் பட்டையைச் சுற்றி, காற்றடித்து, ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டாள். அட்டையில் எழுதினாள்.

"எவ்வளவு?"

"நூத்தி இருபதுக்கு எம்பது."

சின்னுசாமிக்கும் அதே நூற்று இருபதுக்கு எண்பது. எதிர்க் கட்டிலில் இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்த கிழவருக்கும் அதேதான். பெருமாயி எழுந்து உட்கார்ந்தார்.

"ஏங்கண்ணு, எல்லாருக்கும் ஒரே அளவாவா இருக்கும்?"

பூங்குழலி வாசலைப் பார்த்தாள். "மெதுவாப் பேசும்மா. மெஷின் நேத்துத்தான் வந்துச்சு. சரியா எப்பிடிக் கேக்கறதுன்னு யாரும் சொல்லித் தரல. புஸ்தகத்துல நார்மல்னு இதத்தான் போட்டிருக்குது."

"ரெண்டு வருசத்துல ஒரு நோயாளியக்கூடத் தொட்டதில்லையா நீயி?"

பூங்குழலி பட்டையை அவசரமாகச் சுருட்டினாள். கதவு திறந்தது.

ஆய்வுக்கு வந்த அம்மாள் நரைத்த தலைக்காரர். தானும் நர்ஸாக இருந்தவர். கட்டில் கட்டிலாக வந்தார். பின்னால் பூபதி, அவருக்கும் பின்னால் சுவரோடு சுவராகப் பூங்குழலி.

"எத்தனை நாளா இருக்கீங்கம்மா?"

மூன்று நாள் என்ற சொல் நாக்கில்தான் இருந்தது. பெருமாயி மகளைப் பார்த்தார். மலையில் யாருக்காவது பிரசவ வலி வந்தால் முதலில் கை வைப்பது நர்ஸ்தான். அந்த நர்ஸாகப் பூங்குழலி நிற்பதை இரண்டு வருடமாக அவர் நினைத்து நினைத்துப் பார்த்திருக்கிறார். இப்போதும் பார்த்தார்.

"ஒண்ணு கேக்கலாமுங்களா?"

"கேளுங்க."

"நீங்க அங்கீகாரம் குடுத்துப்போட்டா, என்ற புள்ளைக்குத் தெரியாததெல்லாம் தெரிஞ்சுடுமுங்களா?"

அந்த அம்மாள் கையிலிருந்த பேனாவை மூடினார். "இல்லீங்கம்மா. இங்க கத்துக் கொடுக்க ஆளும் வசதியும் இருக்குன்னு நாங்க மத்தவங்களுக்குச் சொல்றதுதான் அது. அத நம்பித்தான் நோயாளிங்க கையை நீட்டுவாங்க."

"அப்பக் குடுக்காதீங்க. நான் காத்தால வேன்ல வந்தேனுங்க. எனக்குக் காமாலையும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்தப் பெரியவருக்கு மட்டும் நெசமாவே மூச்சு வாங்குது, அவரப் பாருங்க."

திரும்பி வர வேன் தரவில்லை. இரண்டு பஸ் மாறி வந்தார்கள். பிரியாணியாவது தின்றுவிட்டுச் சொல்லியிருக்கக் கூடாதா என்று சின்னுசாமி வளைவுக்கு வளைவு புலம்பினார். கூடவே வந்த பூங்குழலி ஒரே ஒரு வாக்கியம் பேசினாள். "என்ற ரெண்டு வருசத்தக் கொன்னுட்ட."

அங்கீகாரம் கிடைக்கவில்லை. மற்றப் பிள்ளைகளின் வீடுகளிலிருந்து வசவு வந்தது. பெருமாயி அவர்கள் வீடுகளுக்கே போய், வரச் சம்மதித்தவர்களை அழைத்துக்கொண்டு, திங்கட்கிழமை தவறாமல் கலெக்டர் ஆபீசில் மனுவோடு நின்றார். இரண்டு வருடத்தைக் கணக்கில் எடுக்க வழியில்லை, வேறு இடத்தில் முதல் வருடத்தில்தான் சேர முடியும் என்று பதில் வந்தது. அது தன் பேச்சால் வந்தது என்பதை அவர் எவரிடமும் மறுக்கவில்லை. அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளின் பட்டியலைக் கேட்டு வாங்கி, கிளார்க்கை முழுவதும் வாசிக்க வைத்தார். மாசி முழுக்கத் தாயும் மகளும் ஒரே ஏணியில் மாற்றி மாற்றி ஏறி மிளகு பறித்தார்கள், பேச்சில்லாமல்.

ஆவணியில் பூங்குழலிக்குப் பட்டியலில் இருந்த ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. பெரிய ஆஸ்பத்திரியோடு சேர்ந்த கல்லூரி. அன்று மத்தியானமே சேர்ந்தாள். ஆனால் காலையில், சேர்க்கைப் படிவத்தில் கைநாட்டு வைப்பதற்கு முன், பெருமாயி, "மொதல்ல கட்டிலக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டார். பார்வையாளர் நேரத்தில் வார்டுக்குள் நுழைந்து, முதல் கட்டிலருகே நின்றார்.

"ஏனுங்க, நெசமாலுமே உங்களுக்கு நோவுதானுங்களா?"

காலில் கட்டோடு படுத்திருந்தவர் முறைத்தார். "பின்ன, விருந்துக்கா வந்து படுத்திருக்கறேன்?"

"வேன்ல வந்தீங்களா?"

"ஆம்புலன்ஸ்ல வந்தேன்! யாரும்மா நீ?"

பெருமாயி தலையாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். பிறகு அதற்கடுத்ததற்கு. எட்டாவது கட்டிலில் ஒரு பாட்டி தன் தையலையே திறந்து காட்டப் போக, வார்டு சிஸ்டர் சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். பூங்குழலி அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் அவள் முகம் கோணியிருந்தது.

"போதும்மா, வா. எல்லாம் நெசமான நோயாளிங்கதான்."

"இரு சாமி," என்றார் பெருமாயி, "அந்த மூலைக் கட்டில் இன்னும் பாக்கி இருக்குது."