இடது தோளுக்கு ஒரு துப்பாக்கி

அண்ணன் என்னைப் போனில் கூப்பிட்டால் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்தான் இருக்கும். வீட்டில் ஏதாவது விசேஷம், இல்லையென்றால் யாருடைய நிலத்திலாவது எல்லைச் சிக்கல். நான் சர்வேயர். அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறேன். மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை மாலை ஆறு பத்துக்கு அவர் கூப்பிட்டது மூன்றாவதாக ஒரு காரணத்துக்கு.

"ஏலே, புள்ளைகளுக்குத் துப்பாக்கி சுடச் சொல்லிக் குடுக்கப் போறேன். எதை வச்சு ஆரம்பிக்கலாம்னு பாத்துச் சொல்லு. நீதான் கொழம்புக்கு உப்பையே அளந்து போடுறவனாச்சே."

பிள்ளைகள் என்றது அவருடைய மகனின் பிள்ளைகளை. பேத்திக்குப் பத்து வயது, பேரனுக்கு எட்டு. ரெட்டியார்சத்திரத்துக்குப் பக்கத்தில் அண்ணனின் தோட்டத்து வீட்டில் மதினி, மகன், மருமகள், பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாக இருக்கிறார்கள். எனக்குக் கல்யாணம் நடக்கவில்லை. திண்டுக்கல்லில், மலைக்கோட்டை தெரிகிற தெருவில், மாடியில் இரண்டு அறைகளில் இருக்கிறேன். என்னைச் சின்னத் தாத்தா என்று கூப்பிட இந்த இரண்டு பேரைத் தவிர வேறு யாரும் இல்லை.

பேத்தி பள்ளியிலிருந்து எங்கோ விளையாட்டுப் போட்டி பார்க்கப் போன இடத்தில் துப்பாக்கி சுடுவதைப் பார்த்துவிட்டாளாம். அன்றிலிருந்து அதே பேச்சு. அண்ணனுக்கு அதில் சந்தோஷம். அப்பாவின் ஒற்றைக்குழல் தோட்டாத் துப்பாக்கி அவரிடம்தான் இருக்கிறது. காட்டுப்பன்றிக்காக அப்பா லைசென்ஸ் எடுத்தது. அப்பா இறந்தபின் அதை அண்ணன் பெயருக்கு மாற்ற எனக்கு ஆட்சேபணை இல்லை என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். உண்மையிலேயே ஆட்சேபணை இல்லை. அது என் கைக்கு வராத பொருள் என்று எனக்குப் பன்னிரண்டு வயதிலேயே முடிவாகியிருந்தது.

அன்றிரவே டைரியில் ஒரு பக்கத்தை மூன்று பத்தியாகக் கோடு போட்டுப் பிரித்தேன். முதல் பத்தியில் அப்பாவின் துப்பாக்கி. அதன் உதை பெரியவர்களின் தோளையே நீலமாக்கும். சிறிய ரவைத் தோட்டா போட்டாலும் உதை கொஞ்சம்தான் குறையும். துப்பாக்கியின் நீளம் குறையாது. முதல் வெடியிலேயே பயந்துபோன குழந்தை இரண்டாவது வெடிக்குக் கண்ணை மூடிக்கொள்ளும். அதோடு, அந்த வயதுப் பிள்ளைகளின் கையில் அதைக் கொடுக்கச் சட்டம் இடம் தராது. அடித்துவிட்டேன்.

இரண்டாவது, பாயின்ட் டூ டூ ரைஃபிள். கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது சுட்டிருக்கிறேன். உதை கிடையாது, சத்தமும் குறைவு. ஆனால் அந்தச் சின்னத் தோட்டாவின் ஈயம் ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகும். அண்ணன் தோட்டத்துக்கு மேற்கே ஆடு மேய்ப்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். இதற்கும் லைசென்ஸ் வேண்டும், இதற்கும் வயது போதாது. அடித்துவிட்டேன்.

மூன்றாவது, ஏர் ரைஃபிள். காற்றின் அழுத்தத்தில் சுடுவது. தோட்டாவே கிடையாது, உளுந்தம்பருப்பு அளவில் ஈயக் குண்டு. குழலைக் கீழே மடக்கி ஸ்பிரிங்கை இழுக்கிற வகையை எடுத்தால், ஒவ்வொரு முறையும் மடக்கப் பெரியவர் ஒருவர் வேண்டும். குழந்தையால் தனியாக முடியாது. அதுவே ஒரு பூட்டு. இதற்கு நேராகச் சரி போட்டேன். எழுதி முடிக்கும்போது மணி ஒன்பதே கால். பல நாட்களுக்குப் பிறகு இட்லிக்குத் தொட்டுக்கொள்ள என்ன இருக்கிறது என்று கவனிக்காமலே சாப்பிட்டேன்.

சனிக்கிழமை டேப்பை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். துப்பாக்கிக் கட்டையின் நீளம் குழந்தையின் கைக்குப் பொருந்த வேண்டும். முழங்கை மடிப்பிலிருந்து ஆள்காட்டி விரலின் முதல் கணு வரைக்கும் அளந்தேன். பேரன், "சின்னத் தாத்தா எனக்குச் சட்டை தைக்கப் போறாக" என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு ஓடினான்.

பிறகு கண்ணைச் சோதித்தேன். இரண்டு கைகளையும் நீட்டி, உள்ளங்கைகளைச் சேர்த்து நடுவில் சின்ன ஓட்டை விட்டு, அதன் வழியாகத் தூரத்து மின்கம்பத்தின் உச்சியைப் பார்க்க வேண்டும். கம்பம் மறையாமல் கைகளை மெல்ல முகத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஓட்டை எந்தக் கண்ணுக்கு வந்து சேர்கிறதோ அதுதான் குறி பார்க்கிற கண். பேரனுக்கு வலது கண்ணுக்கு வந்தது. பேத்தி எல்லாவற்றையும் வலது கையால் செய்கிறவள். அவள் கைகள் நேராக இடது கண்ணுக்கு வந்து நின்றன. மூன்று முறை செய்யச் சொன்னேன். மூன்று முறையும் இடது.

எனக்கும் அப்படித்தான். எனக்கு அது இருபத்தொன்பதாம் வயதில்தான் தெரிந்தது. வேடசந்தூர்ப் பக்கம் அளவைக்குப் போயிருந்தபோது, நான் தியோடலைட் என்கிற அளவைத் தொலைநோக்கியில் எப்போதும் இடது கண்ணை வைப்பதைப் பார்த்த மூத்த சர்வேயர் ஒருவர், புளியமரத்தடியில் என்னை நிறுத்தி இதே சோதனையைச் செய்து காட்டினார். "ஒனக்கு எடது கண்ணுதான்யா எசமான்" என்றார். அவருக்கு அது வேடிக்கை. நான் அன்று மதியம் சாப்பிடவில்லை.

பன்னிரண்டு வயதில் அப்பா எனக்குச் சுடக் கற்றுக்கொடுத்தார். வலது தோளில் வைத்து, வலது கைவிரலால். பதினான்கு தோட்டாக்கள், இரண்டு மாதங்களில். ஒன்றுகூடத் தகர டப்பாவில் படவில்லை. எல்லாம் இடப்பக்கம் போயின. "இவனுக்குக் கை வராது" என்றார் அப்பா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதன்பிறகு விடியற்காலையில் சிறுமலை அடிவாரத்துக்கு அவரும் அண்ணனும் மட்டும் போவார்கள். கொஞ்ச நாள் தோட்டாப் பையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். பிறகு என்னை எழுப்புவதை விட்டுவிட்டார்கள். அவர்கள் வழியில் பேசிக்கொண்ட பேச்சு, டீக்கடை, சிரிப்பு எதுவும் எனக்குத் தெரியாது. அப்பா இறந்தபோது அண்ணனிடம் அவரைப் பற்றிச் சொல்ல அவ்வளவு இருந்தது. என்னிடம் தேதிகள்தான் இருந்தன.

இதையெல்லாம் நான் யாரிடமும் சொன்னதில்லை. அண்ணனிடம் பேத்தியைப் பற்றி மட்டும் சொன்னேன்.

"பாப்பா எடது தோள்ல வச்சுத்தாண்ணே சுடணும்."

"பீச்சாங்கையிலயா? போலே. சாமி கும்பிடுற வீட்டுல பொம்பளப் புள்ளைய பீச்சாங்கையில பழக்கச் சொல்றியாக்கும்?"

பிள்ளைகளின் அம்மா அடுப்படியிலிருந்தே சொன்னாள். "நாளைக்குப் போட்டிக்குன்னு போனா எல்லாரும் சிரிப்பாங்க சின்ன மாமா. சின்னதுல ஒரு தடவ எடது கையில சோறு அள்ளுனா. அதை மாத்துறதுக்குள்ள நான் பட்ட பாடு இருக்கே."

"கண்ணுக்காகத்தான் சொல்றேம்மா. கைக்காக இல்ல."

"எடது கண்ண மூடிக்கிட்டாப் போச்சு" என்றார் அண்ணன். "நாங்க எல்லாம் எப்படிச் சுட்டோம்?"

நான் டேப்பைச் சுருட்டினேன். அந்த வார்த்தைகளைப் பேத்தி கேட்டுக்கொண்டிருந்தாள். சோதனை செய்த கைகளை இன்னும் பிரிக்காமல் வைத்திருந்தாள்.

மதுரையில் ஒரு கடையில் துப்பாக்கி வாங்கினேன். கடைக்காரர் முதலில் காட்டியது பளபளப்பான ஒன்று. கன்னம் வைக்கிற இடத்தில் கட்டை மேடாகச் செதுக்கியிருந்தது, வலது தோள்காரர்களுக்கு மட்டும்.

"சார், இது நூறு மீட்டர் போகும்."

"எனக்குப் பத்து மீட்டர் போதும்."

"பத்து மீட்டருக்குக் கல்லு விடுற கவட்டையே போதுமே சார்" என்று சிரித்தார்.

இருப்பதிலேயே லேசானது, ஸ்பிரிங் வலு குறைந்தது, கட்டை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பது எது என்று கேட்டேன். உள்ளேயிருந்து தூசி தட்டி ஒன்றை எடுத்து வந்தார். மடக்குவது நடுவில்; வலப்பக்கம் இடப்பக்கம் என்று பேதம் இல்லை. கட்டை பேத்தியின் அளவைவிட இரண்டு சென்டிமீட்டர் நீளம். தச்சரிடம் அறுத்துக்கொள்ளலாம். தாளில் வட்டமாகத் துளை விழும் தட்டைத் தலைக் குண்டுகள் இரண்டு டப்பாக்கள், மூன்று பாதுகாப்புக் கண்ணாடிகள். அண்ணன் எந்தத் தோள் என்று முடிவு செய்தாலும் இந்தத் துப்பாக்கி தடையாக இருக்கக் கூடாது என்பதுதான் என் கணக்கு.

தச்சர் கட்டையை அறுத்துக் கொடுத்தபின், அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, கிணறு வெட்டிய மண் மேடாகக் கிடக்கிற இடத்தில் டேப் பிடித்துப் பத்து மீட்டர் அளந்தேன். மேட்டின் முன்னால் அட்டையில் கறுப்பு வட்டம் போட்ட தாளை ஒட்டினேன். சாக்கில் மணல் நிரப்பி, துப்பாக்கியைத் தாங்க வைத்தேன். சுடுகிறவரைத் தவிர யாரும் கோட்டைத் தாண்டக் கூடாது என்று சுண்ணாம்புக் கோடு போட்டேன். பேரன் கோட்டின் மேலேயே நின்றுகொண்டு, "இது தாண்டுறதா தாண்டாததா?" என்று கேட்டான்.

முதலில் அவன். ஐந்து குண்டில் மூன்று தாளில் பட்டன. "அப்பு, நம்ம ரத்தம்லே!" என்று அண்ணன் அவனைத் தூக்கினார். அத்தோடு அவனுக்கு ஆர்வம் போய்விட்டது. ஆட்டுக்குட்டியைப் பார்க்கப் போனான்.

பேத்தியின் வலது தோளில் அண்ணன் துப்பாக்கியை வைத்தார். இடது கண்ணை மூடச் சொன்னார். அவளுக்கு இரண்டு கண்ணும் சேர்ந்துதான் மூடியது. அவர் தன் துண்டை அவள் இடது கண் மேல் கட்டினார். அவள் கழுத்தைக் கோணலாக்கிக்கொண்டு எதையோ தேடுகிறவளைப் போலக் குறி பார்த்தாள். ஐந்தும் தாளில் படவில்லை. துண்டை அவிழ்த்து இன்னும் ஐந்து. மேட்டில் இடப்பக்கமாக மண் தெறித்தது. மறுபடி ஐந்து.

வேலியோரம் கீரை பறித்துக்கொண்டிருந்த மதினியைப் பார்த்து அண்ணன் சிரித்தார். "இவ நம்ம சின்னவன் மாதிரி. கை வராது போல."

பேத்தி துப்பாக்கியை மணல் மூட்டை மேல் வைத்துவிட்டு எழுந்தாள். அழவில்லை. பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே இருந்தாள், மண் போன பிறகும். இனி அவள் கேட்கமாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. அவளை யாரும் கட்டாயப்படுத்தவும் மாட்டார்கள். அப்படித்தான் முடியும் அது. ஒருவரும் எதையும் செய்யாமலே.

"அண்ணே," என்றேன். என் குரல் எனக்கே உரத்துக் கேட்டது. "எனக்கும் எடது கண்ணுதான். கை வராம இல்ல. அப்பா தப்பான தோள்ல வச்சுட்டாரு."

அண்ணன் திரும்பிப் பார்த்தார். "என்னலே சொல்ற?"

"பதினாலு தோட்டாவும் எடப்பக்கமே போச்சு. உங்களுக்கு ஞாபகம் இருக்கா? இப்ப இவளுது எங்க போகுதுன்னு பாருங்க."

அவர் மண்மேட்டைப் பார்த்தார்.

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"இருபத்தொம்பது வயசுல."

"அப்பா அப்ப இருந்தாரேலே. ஏன் சொல்லல?"

"சொல்லி என்ன ஆகப்போகுதுன்னு இருந்துட்டேன்."

மதினி கீரையை மடியில் கட்டிக்கொண்டு வந்தாள். "அம்புட்டு வருசமா மனசுல வச்சிருந்தியா கொழுந்தா? நல்ல ஆளுய்யா நீ. இவர்கிட்ட பேசலாம், ஒண்ணும் கடிச்சிற மாட்டாரு." பிறகு அண்ணனிடம், "புள்ள நிக்கிது பாருங்க" என்றாள்.

அண்ணன் குழலை மடக்கிக் குண்டைப் போட்டார். பேத்தியை உட்கார வைத்தார். கட்டையை எடுத்து அவளுடைய இடது தோளில் அவரே வைத்தார். என்னைப் பார்க்காமல், "மூச்ச எப்ப விடணும்?" என்று கேட்டார். "பாதி விட்டுட்டு, நிறுத்திட்டு, மெல்ல அமுக்கணும்" என்றேன். அவர் அதை அவளிடம் திருப்பிச் சொன்னார்.

முதல் குண்டு தாளின் ஓரத்தில் பட்டது. நான்காவது கறுப்பு வட்டத்துக்குள். அவள் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. அடுத்த குண்டுக்குக் கையை நீட்டினாள். இடது கையை. அண்ணன் அந்தக் கையிலேயே குண்டை வைத்தார்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது மதினி, "சோத்துக்கு வெஞ்சனம் கீரையும் முட்டையும்தான், கோவிச்சுக்காத" என்றாள். அண்ணன் பேத்தியின் தாளைச் சுவரில் ஒட்டுவதைப் பற்றிப் பேசினார். அப்பாவைப் பற்றி அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. மூன்று நாற்பது பஸ்ஸில் திரும்பினேன். அடுத்த ஞாயிறும் வா என்று யாரும் சொல்லவில்லை. வரச் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்காது. வருகிறவன் வருவான் என்று இருந்திருப்பார்கள். வரட்டுமா என்று நானும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு ஆறு மணிக்கே குளித்துச் சட்டை போட்டுத் தயாராக இருந்தேன். ஏழு ஐம்பதுக்குப் போன் வந்தது.

"ஏலே, குண்டு பூராம் கீழயே போகுது. எதைத் திருகணும்?"

"பின்னாடி குறி பாக்குற முள்ளுக்கு மேல இருக்கிற திருகாணிண்ணே. முள்ளு மேல ஏறுற மாதிரி ரெண்டு சொடுக்கு. மூணு வேண்டாம்."

"சரி, இரு" என்றார். போனைக் கிணற்றடிக் கயிற்றுக் கட்டிலில் போட்ட சத்தம் கேட்டது. அணைக்கவில்லை, என்னை மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன். திருகாணியின் இரண்டு சொடுக்குகள் கேட்கவில்லை. துப்பாக்கியின் சத்தம் கேட்டது. பலகையில் சுண்டினாற்போல. "தாயி, மூச்சப் பாதி விட்டுட்டு நிறுத்து" என்று அண்ணன் சொன்னார். பேரன் எங்கோ ஆட்டைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். மறுபடி ஒரு சத்தம். பேத்தி, "தாத்தா, கறுப்புல!" என்றாள்.

நான் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தால் கட்டிலிலிருந்து என் குரல் கேட்டு யாராவது எடுத்திருப்பார்கள். பதினொரு குண்டுகள் வரை எண்ணினேன். பிறகு டீ குடிக்க வாங்க என்று மதினி கூப்பிட்டாள். எல்லோரும் வீட்டுக்குள் போகிற செருப்புச் சத்தம் கேட்டு ஓய்ந்தபின், இணைப்பை நானே துண்டித்தேன்.