பிளாஸ்டிக் தலையும் கோட்டுப் பையும்

எங்கள் கதிர்வீச்சுப் பிரிவின் இயற்பியலாளருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் ‘இன்னொருதடவை’. கருவியின் அளவை மூன்று முறை சரிபார்த்த பிறகும் கன்னத்தைச் சொறிந்துகொண்டு, “எதுக்கும் இன்னொரு தடவை பாத்துடலாம்மா” என்பார். வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதித் தெருவிலிருந்து திரும்பிப்போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கிற மனிதர். அவர் மனைவி எந்த சினிமாவையும் முதல் காட்சியிலிருந்து பார்த்ததில்லை. கருவியை இயக்குகிறவள் நான் என்பதால், எரிச்சலில் பெரும்பங்கு எனக்குத்தான்.

அப்போது எங்கள் மருத்துவமனை ஓர் ஆய்வில் சேர விண்ணப்பித்திருந்தது. தொண்டைப் புற்றுநோய்க்கு ஏழு வாரம் கொடுக்கும் கதிர்வீச்சை ஐந்தே வாரத்தில் கொடுத்துப் பார்க்கும் ஆய்வு. அதன் தரச் சோதனை அலுவலகம் யாரையும் லேசில் நம்பாது. முதலில் ஒரு பிளாஸ்டிக் தலையை அனுப்பும். அதை நோயாளியாகவே பாவித்துக் கதிர்வீச்சு கொடுத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். உள்ளே இருக்கும் குட்டிக் குட்டிச் சிமிழ்கள் கதிர்வீச்சு எவ்வளவு பட்டது என்று காட்டிக்கொடுத்துவிடும். தேறினால்தான் ஆள் சேர்க்கலாம்.

ஆள் ஏற்கெனவே தயார். ஒரு பஸ் டிரைவர். அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை அவருக்குச் சிகிச்சை தொடங்கியாக வேண்டும். “ஏழு வாரம் வீட்ல உக்காந்தா நோய் என்னைக் கொல்லாது, என் பொண்டாட்டி கொன்னுடுவா. அஞ்சு வாரமே குடுங்கம்மா” என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பார்.

நோயாளி என்றால் பதிவு வேண்டுமே என்று, நானும் இயற்பியலாளர் சாரும் தலையைப் பதிவு செய்யப் போனோம். எழுத்தர் நிமிரவே இல்லை.

“வயசு?”

“அம்பதுன்னு போடுங்க.”

“கூட யார் வந்திருக்காங்க?”

“நான்தான்.”

“என்ன உறவு?”

சார் வெகுநேரம் யோசித்தார். “பொறுப்பாளர்” என்றார். பின்னால் வரிசையில் நின்றவர் தலையைப் பார்த்து, “பாவம், முடியெல்லாம் போயிடுச்சே” என்றார்.

தலையோடு தனியாக ஒரு சிமிழும் வந்திருந்தது. கதிர்வீச்சே படாத அதன் அளவை மற்றவற்றின் அளவிலிருந்து கழித்துக் கணக்கிடுவார்களாம். சிகிச்சை அறைக்குள் அது வரவே கூடாது என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. சார் அதை என்னிடம் கொடுத்தாரா? ஒருவரையும் நம்பாமல் தன் கோட்டுப் பையிலேயே போட்டுக்கொண்டார். பிறகு சிகிச்சை அறையில் தலையை மேசைமேல் பொருத்தி, இடம் குறிக்கும் ஒளிக்கோடுகளை நாலு முறை சரிபார்த்தார். வியர்த்தது. கோட்டைக் கழற்றி அங்கேயே சுவர்க் கொக்கியில் மாட்டினார். வெளியே வந்தோம், கதிர்வீச்சைக் கொடுத்தோம்.

பொட்டலம் கட்டும்போதுதான் கோட்டுப் பையைத் தடவினார். சிமிழ் உள்ளேயே இருந்தது. மூஞ்சியில் ஈயாடவில்லை.

“சுவத்துல தொங்குனதுக்கு எவ்வளவு சார் பட்டிருக்கும்? நம்ம ரெண்டு பேரைத் தவிர யாருக்குத் தெரியும்?” என்றேன்.

“சிமிழுக்குத் தெரியும்மா.”

அலுவலகத்துக்கு நடந்ததை அப்படியே எழுத உட்கார்ந்தார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இந்தச் சோதனை செல்லாது என்று சொல்லிவிட்டால் வேறு தலை வர இரண்டு மாதம் ஆகும். டிரைவரின் திங்கட்கிழமை அதுவரை காத்திருக்குமா? நாளெல்லாம் எங்களைத் துளைத்தெடுத்த மனிதர், தானே தப்பும் செய்துவிட்டு, இப்போது யோக்கியர் வேஷமும் போடுகிறார் என்று மனத்துக்குள் திட்டினேன். அவரோ மனைவியைப் போனில் அழைத்து, “நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்” என்றார்.

மறுமுனைக் குரல் எனக்கே கேட்டது. “நீங்களா? இன்னொரு தடவை சொல்லுங்க!”

மூன்று வாரம் சார் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு பதில் வந்தது. அதே தொகுதிச் சிமிழ் ஒன்றைத் தங்களிடமே பத்திரமாக வைத்திருந்தார்களாம். அதை வைத்துக் கணக்கிட்டதில் நாங்கள் தேறிவிட்டோம். நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால் எங்கள் கணக்கு பிசகி, உங்களைத் தோற்கடித்திருப்போம் என்றும் எழுதியிருந்தார்கள். கடைசி வரி: “சிகிச்சை அறையில் உள்ள கோட்டுக் கொக்கியை அகற்றவும்.”

என் யோசனையைக் கேட்டிருந்தால் டிரைவரின் ஐந்து வாரத்தை நானே பறித்திருப்பேன். வெட்கமாக இருந்தது. கொக்கியை நானே பிடுங்கினேன்.

திங்கட்கிழமை டிரைவர் மேசையில் படுத்தார். சார் கோடுகளை மூன்று முறை பார்த்துவிட்டுக் கன்னத்தைச் சொறிந்தார். ஆனால் வாய் திறக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துத் தயங்குகிறார் என்று புரிந்தது.

“எதுக்கும் இன்னொரு தடவை பாத்துடலாம் சார்” என்றேன்.

தலை அசையாமல் பிடிக்கும் முகமூடிக்குள்ளிருந்து டிரைவர் முனகினார். “பாருங்க, பாருங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.”